பந்து உருளாத மேடை: ‘கேரி லினேக்கருடன் ஒரு மாலை’ நாடகம் தொலைக்காட்சிக்குப் போன கதை

1990 ஜூலை 4, புதன்கிழமை. இத்தாலியின் டூரின் நகரில் டெல்லே ஆல்பி மைதானம். உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதின. பிரிட்டனில் சுமார் 2.5 கோடிப் பேர் அன்றிரவு தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மைதானத்தில் 22 பேர் ஓடினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு கோடிக்கணக்கானவர்கள் சோபாவில் ஆடாமல் அசையாமல் இருந்தார்கள். நாடகம் மைதானத்தில்தான் இருக்கிறது என்று அன்று யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஆர்தர் ஸ்மித், கிறிஸ் இங்கிலாந்து என்ற இருவருக்கு மட்டும் அது சோபாவில் இருப்பதாகப் பட்டது.

ஸ்மித் மேடை நகைச்சுவைக் கலைஞர். கிறிஸ் இங்கிலாந்து நடிகர், எழுத்தாளர். இருவரும் சேர்ந்து எழுதிய நாடகத்தின் பெயர் ‘கேரி லினேக்கருடன் ஒரு மாலை’. லினேக்கர் அன்றைய இங்கிலாந்து அணியின் ஃபார்வர்டு, கோல் அடிப்பவர். எடின்பரோ ஃபிரிஞ்ச் விழாவில் முளைத்து லண்டனின் பெரிய அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டுக்குப் போய், 1992-ல் சிறந்த நகைச்சுவைக்கான ஆலிவியர் என்ற பிரிட்டிஷ் நாடக விருதின் பட்டியலிலும் இடம்பிடித்தது. 1994-ல் ஐடிவி என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி அதைத் தொலைக்காட்சிப் படமாக்கியது. கால்பந்தை வைத்து நாடகம் போட நினைக்கும் எவரும் ஒரு முறையாவது பிரித்துப் பார்க்க வேண்டிய நாடகம் இது. மேடையில் ஒரு பந்துகூட உருளாமல் ஒரு முழு ஆட்டத்தையும் நடத்திக் காட்டியவர்கள் இவர்கள். அந்த வித்தை தொலைக்காட்சிக்குப் போனபோது எது கூடியது, எது குறைந்தது என்பதுதான் இங்கே பேச்சு.

கதை சின்னது. பில், மோனிகா தம்பதி ஸ்பெயினில் விடுமுறையில் இருக்கிறார்கள். அரையிறுதி நடக்கும் அதே இரவு. பில்லுக்கு ஆட்டம் பார்க்க வேண்டும். மோனிகாவுக்கு அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும். கூடவே இயன், டான், பிர்கிட்டா என்று மூன்று பேர். ஐந்து பேர், ஒரு அறை, ஒரு பெட்டி. பேச வேண்டிய விஷயம் ஒரு பக்கம், பார்க்க வேண்டிய விஷயம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நகர்கிறது மாலை.

தலைப்பே ஒரு சிலேடை. பிரபலம் ஒருவர் மேடையில் தனியாக உட்கார்ந்து தன் அனுபவங்களைச் சொல்லும் நிகழ்ச்சிக்கு ‘இன்னாருடன் ஒரு மாலை’ என்று பெயர் வைப்பது அங்கே வழக்கம். இந்த நாடகத்தில் அந்த மாலையை அவருடன் கழிப்பது எப்படி? பெட்டி வழியாக. மோனிகாவுக்கு லினேக்கர் மீது ஒரு மயக்கம் இருப்பது இதை இன்னும் கூர்மையாக்குகிறது. ஏன் லினேக்கர்? 1986 உலகக் கோப்பையில் 6 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கியவர். தன் ஆட்ட வாழ்க்கை முழுவதும் ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்காதவர். அலுத்துப்போன திருமணத்துக்குள் இருக்கும் ஒரு பெண்ணின் கனவில், ஒரு முறைகூட எச்சரிக்கை வாங்காத ஆண் வந்து நிற்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆட்டமே எழுதிக் கொடுத்த நாடகம்

அந்த அரையிறுதியை நிதானமாகத் திரும்பிப் பார்த்தால், நாடக ஆசிரியர்களுக்குப் பாதி வேலை டூரினிலேயே முடிந்துவிட்டது புரியும்.

60-வது நிமிடத்தில் ஆந்திரயாஸ் பிரேமே அடித்த ஃப்ரீகிக், தடுக்க ஓடிவந்த பால் பார்க்கரின் மேல் பட்டு, வளைந்து உயர்ந்து, பின்னோக்கி ஓடிய கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனின் தலைக்கு மேலாக விழுந்தது. யாருடைய தவறு என்று சொல்ல முடியாத கோல். 80-வது நிமிடத்தில் அதே பார்க்கர் நீளமாக அனுப்பிய பந்தில் ஜெர்மன் தடுப்பு வீரர்கள் தடுமாற, லினேக்கர் தொடையில் வாங்கி இடது காலால் தாழ்வாக அடித்தார். 1-1. துரதிர்ஷ்டத்தைக் கொண்டுவந்தவனே பரிகாரத்தையும் தொடங்கிவைக்கிறான். இப்படி ஒரு திருப்பத்தை யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் ‘ரொம்பக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்’ என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

கூடுதல் நேரத்தில், 99-வது நிமிடம். 23 வயது பால் கேஸ்காய்ன், தாமஸ் பெர்த்தோல்டை மறிக்கப் போய்த் தாமதமாக விழுந்தார். மஞ்சள் அட்டை. அந்தப் போட்டித் தொடரில் அவருக்கு அது இரண்டாவது. இங்கிலாந்து இறுதிக்குப் போனாலும் அவர் ஆட முடியாது. கேஸ்காய்னின் உதடு துடிக்க ஆரம்பித்தது. லினேக்கர் திரும்பி, ஓரத்தில் இருந்த பயிற்சியாளர் பாபி ராப்சனைப் பார்த்து, ‘அவனிடம் கொஞ்சம் பேசுங்கள்’ என்று வாயசைத்தார். கூடவே கையால் ஒரு சைகை. சத்தம் இல்லை, உதட்டசைவு மட்டும். கேமரா அதைப் பிடித்துவிட்டது.

எனக்கு இந்த நாடகத்தின் விதை அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது. அங்கே பந்து முக்கியமில்லை. ஒருவன் உடைந்துபோகிறான், இன்னொருவன் அதைக் கவனிக்கிறான், கவனித்ததை மூன்றாமவரிடம் சொல்கிறான். சோபாவில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் தங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் செய்யத் தெரியாத வேலையை, 90 நிமிடம் தாண்டி ஓடிக் களைத்த ஒரு ஃபார்வர்டு செய்துவிட்டுப் போகிறார். மோனிகா ஏன் அவரை விரும்புகிறாள் என்று இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

பிறகு பெனால்டி. லினேக்கர், பியர்ட்ஸ்லி, பிளாட் மூவரும் அடித்தார்கள். ஸ்டூவர்ட் பியர்ஸ் அடித்தது கோல்கீப்பர் இல்க்னரின் கால்களில் பட்டது. கிறிஸ் வாடில் அடித்தது குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது. ஜெர்மனி நான்கையும் அடித்து 4-3 என்று வென்றது; நான்கு நாள் கழித்து அர்ஜென்டினாவை 1-0 என வீழ்த்திக் கோப்பையையும் எடுத்துக்கொண்டது.

நாடகம் பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் இது தெரியும். மேடையில் இருக்கும் ஐந்து பேருக்குத் தெரியாது. இது பலவீனம் என்று நினைப்பவர்கள் கூத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். துச்சாதனன் சேலையைப் பிடிப்பான் என்று தெரிந்துதான் ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. பில் ‘இந்த முறை ஜெயித்துவிடுவோம்’ என்கிற முகத்தோடு முன்னால் சாயும்போது அரங்கில் எழும் சிரிப்பில் ஒரு வலி கலந்திருக்கிறது. அவன் திருமணத்தைப் பற்றியும் அதே நம்பிக்கையில் இருக்கிறான் என்பது பார்வையாளருக்கு அந்த நேரத்தில்தான் உறைக்கும்.

காலமும் பொருந்தி வந்தது. 1985-ல் ஹெய்சல் மைதானத்தில் ரசிகர் மோதலால் நேர்ந்த துயரம்; அதன் பிறகு இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் தடை. 1989 ஏப்ரல் 15-ல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்ட நெரிசல். அதன் சாவுக் கணக்கு இன்று 97. எண்பதுகளின் பிரிட்டனில் கால்பந்து என்றாலே ரகளை, இரும்பு வேலி, போலீஸ் என்றுதான் படித்தவர்கள் பேச்சில் அடிபட்டது. 1992 ஆகஸ்டில் பிரீமியர் லீக் தொடங்கி, பணம் கொட்ட ஆரம்பித்தது. இந்த இரண்டுக்கும் நடுவில், கேஸ்காய்னின் கண்ணீரைப் பார்த்துவிட்டு ‘இதில் ஏதோ இருக்கிறது’ என்று திரும்பிப் பார்த்த மத்தியதர மக்கள்தான் இந்த நாடகத்துக்குச் சீட்டு வாங்கினார்கள். ஐந்து வருடம் முன்னால் எழுதியிருந்தால் யாரும் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

பார்ப்பதை நடிப்பது

இனி நடிகர்களின் பாடு.

‘பார்ப்பதுபோல நடி’ என்று சொல்வது எளிது. நான்கு பேரை ஒரு சோபாவில் உட்காரவைத்து, எதிரில் வெறும் சுவரைக் காட்டி, ஆட்டம் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நொடியில் எல்லாருடைய தலையும் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும். அது பொய். மைதானத்தில் நேரில் பார்ப்பவருக்குத்தான் தலை திரும்பும். தொலைக்காட்சியில் கேமராதான் பந்தின் பின்னால் போகிறது. பந்து பெரும்பாலும் திரையின் நடுப்பகுதியிலேயே இருக்கிறது. அன்றைய பெட்டிகள் சின்னவை வேறு. அதனால் பார்ப்பவரின் கண் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிலைகுத்தி நிற்கும். அசைவெல்லாம் வேறு இடத்தில் நடக்கும்: மூச்சு நிற்கும், முதுகு சோபாவை விட்டு விலகும், கட்டைவிரல் செருப்புக்குள் சுருளும், கையில் இருக்கும் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றுவிடும்.

இன்னொரு சிக்கல், ஒத்திசைவு. பெனால்டிப் புள்ளியிலிருந்து கோல் கோட்டுக்கு 11 மீட்டர். நன்றாக அடித்த பந்து அரை நொடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அந்த அரை நொடிக்குள் ஐந்து முகங்கள் ஒன்றாக மாற வேண்டும். ஒருவர் ஒரு கண்ணிமைப்பு முந்திவிட்டால் போதும், அங்கே ஆட்டம் இல்லை என்பது கடைசி வரிசை வரைக்கும் தெரிந்துவிடும். ஒன்றாக மாறினாலும் ஒரே மாதிரி மாறக் கூடாது. பில்லுக்கு நாடு தோற்கிறது. மோனிகாவுக்கு அந்த நிமிடத்தில் தோற்பது வேறு ஏதோ.

இதைக் காப்பாற்றுவது காது. வர்ணனையாளரின் குரலும் கூட்டத்தின் இரைச்சலும்தான் நடிகர்களுக்குத் தாளம். வசனம் பேசிக்கொண்டே அந்தத் தாளத்தை ஒரு காதில் வைத்திருக்க வேண்டும். பாட்டும் பதமும் தெரிந்தவர்களுக்கு இது புரியும்: கை ஒரு வேலை, கண் ஒரு வேலை, காலுக்குத் தனி வேலை. நகைச்சுவை மேடையில் வளர்ந்தவர்களுக்கு இது கைவருவதற்குக் காரணம், அரங்கின் சிரிப்பு எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று கேட்டுக்கொண்டே பேசுவதுதான் அவர்கள் அன்றாடம் செய்யும் தொழில்.

பெட்டியை மேடையில் எங்கே வைப்பது என்பதும் சின்ன விஷயமில்லை. பார்வையாளர்களை நோக்கி வைத்தால் அரங்கமே ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும். நடிகரை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஓரமாக வைத்தால் பாதி முகம்தான் கிடைக்கும். முதுகைக் காட்டி முன்னால் வைப்பதோ, பார்வையாளர்கள் இருக்கும் திசையையே பெட்டியாகக் கற்பனை செய்வதோதான் நல்ல வழி. அப்போது ஐந்து பேரும் நம்மையே பார்க்கிறார்கள். நாம்தான் ஆட்டம். நாம் சிரித்தால் கூட்டம் சிரிக்கிறது. நாம் பெருமூச்சு விட்டால் டூரினே பெருமூச்சு விடுகிறது. ஒரு நாடகத்துக்கு இதைவிடப் பெரிய வரம் வேண்டாம்.

1994: பெட்டிக்குள் பெட்டி

தொலைக்காட்சிப் படத்துக்கு வந்த முகங்களைப் பாருங்கள். பில்லாகக் கிளைவ் ஓவன், மோனிகாவாகக் கரோலின் க்வென்டின், இயனாகப் பால் மெர்ட்டன், டானாக மார்ட்டின் க்ளூன்ஸ், பிர்கிட்டாவாக லிஸ்ஸி மெக்கினெர்னி. அந்த ஆண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இப்படி ஐவரை ஒரே அறையில் உட்காரவைத்தது பெரிய காரியம்.

க்ளூன்ஸும் க்வென்டினும் 1992-லிருந்து ஒரு பிரபல நகைச்சுவைத் தொடரில் காதலர்களாக நடித்துக்கொண்டிருந்தார்கள்; பொறுப்பில்லாத ஆண், அவனைச் சகித்துக்கொள்ளும் கூர்மையான பெண். ஆணின் அலட்சியத்தைக் கண் ஓரத்தால் அளக்கும் க்வென்டினின் பார்வைக்குப் பார்வையாளர்கள் ஏற்கெனவே பழகியிருந்தார்கள். மோனிகாவை அறிமுகப்படுத்த ஒரு வசனம்கூடத் தேவைப்படாது. மெர்ட்டன், செய்தி வினாடி வினா ஒன்றில் முகத்தைத் துளியும் அசைக்காமல் விஷயத்தைப் போட்டு உடைப்பதில் பேர்பெற்றவர். அப்போது அவரும் க்வென்டினும் நிஜ வாழ்க்கையில் கணவன் மனைவி. கதையிலோ க்வென்டினின் கணவர் ஓவன். மெர்ட்டன் கூட இருக்கும் ஒருவர்.

இவர்களுக்கு நடுவில் ஓவனைப் பில்லாகப் போட்டதுதான் எனக்குப் பிடித்த முடிவு. மற்றவர்கள் சிரிப்புக்குப் பேர்போனவர்கள். ஓவன் நாடக நடிகர், ஐடிவியின் ஒரு தொடரில் நாயகனாக நடித்துப் பெயரெடுத்தவர். பில் சிரிப்புக்காக நடித்தால் இந்தக் கதை ஒரு பகடியாக முடிந்துவிடும். கணவன் கனமாக இருந்தால்தான் மனைவி பேச நினைப்பது நமக்கு முக்கியமாகும். பின்னாளில் உறவுகள் சிதைவதைப் பேசிய ஒரு லண்டன் நாடகத்தில் டான் என்ற வேடத்தையும், 2004-ல் அதன் திரைப்பட வடிவத்தில் லாரி என்ற வேடத்தையும் செய்து ஆஸ்கர் பரிந்துரை வரை அவர் போனதை நினைத்தால், பில்லில் அந்தப் பாதையின் தொடக்கம் தெரிகிறது.

சரி, என்ன கூடியது? நெருக்கம். ஒருவர் திரையைப் பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவர் அவரைப் பார்க்கிறார். மேடையில் இந்தப் பார்வையைக் காட்ட நடிகை தலையைத் திருப்ப வேண்டும். குளோசப்பில் இமை திரும்பினால் போதும். இன்னொன்றும் நடந்தது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருப்பவர், சோபாவில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரைப் பார்க்கிறார். பக்கத்தில் அவருடைய சொந்த மோனிகாவோ பில்லோ இருக்கலாம். அரங்கத்தில் கிடைக்காத கண்ணாடி இது.

என்ன குறைந்தது? கூட்டம். எல்லாருக்கும் முடிவு தெரியும் என்கிற அந்தக் கூட்டு ரகசியம், தனித்தனி வீடுகளில் தனித்தனியாகப் பிரிந்துவிடுகிறது. அதோடு தொலைக்காட்சிக்கு ஒரு சபலம் உண்டு: ஆட்டத்தைக் காட்ட முடியும். காட்ட முடிந்தால் காட்டாமல் இருக்க முடியாது. திரையில் நிஜ ஆட்டத்துக்கு வெட்டும் ஒவ்வொரு தடவையும் நடிகரின் முகத்திலிருந்து ஒரு பங்கு பறிபோகிறது. என் கணக்கில், கால்பந்துக்கு மேடை நல்லது, தாம்பத்தியத்துக்குத் திரை நல்லது. இந்தக் கதையில் இரண்டும் சரிபாதி இருப்பதால் எந்த வடிவமும் முழுதாக ஜெயிக்கவில்லை.

தொலைக்காட்சி வடிவத்தில் லினேக்கரே நேரில் வந்து போகிறார். அப்போது அவர் ஜப்பானின் கிராம்பஸ் எய்ட் அணியோடு தன் ஆட்ட வாழ்க்கையை முடித்துக்கொண்டிருந்த காலம். இங்கிலாந்து அணிக்காக 80 ஆட்டங்களில் 48 கோல், பாபி சார்ல்டனின் அன்றைய சாதனைக்கு ஒன்றே ஒன்று குறைவு. அவர் வந்தது பெருந்தன்மை. பார்த்தவர்களுக்குச் சந்தோஷமாகவும் இருந்திருக்கும். இருந்தாலும் மோனிகாவின் மனதுக்குள் மட்டும் இருந்த ஆள், சதையும் சட்டையுமாக வந்து நின்றபின் கொஞ்சம் சின்னதாகிவிடுகிறார். வராத தெய்வத்துக்குத்தான் வலிமை அதிகம். 1999-லிருந்து 2025 வரை பிபிசியின் கால்பந்து நிகழ்ச்சியை அவர்தான் தொகுத்து வழங்கினார். ஒரு கால் நூற்றாண்டு பிரிட்டனின் சனிக்கிழமை இரவுகள் உண்மையிலேயே லினேக்கருடன் கழிந்தன. நாடகத் தலைப்பு இவ்வளவு துல்லியமாகப் பலிக்கும் என்று எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

1994-க்கு வேறொரு கசப்பும் உண்டு. அமெரிக்காவில் நடந்த அந்த உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து தகுதியே பெறவில்லை. நான்கு வருடம் முன்னால் தோற்றதைத் திரும்பப் பார்ப்பதே அந்த ஆண்டின் கால்பந்துப் பெருமையாக இருந்தது.

முன்னும் பின்னும் இரண்டு நாடகங்கள்

இங்கிலாந்து 1966-ல் கோப்பை வென்ற மறு ஆண்டே பீட்டர் டெர்சன் ‘ஸிகர் ஸாகர்’ எழுதினார். மைக்கேல் க்ராஃப்டின் தேசிய இளைஞர் நாடகக் குழு லண்டனில் அரங்கேற்றியது. பள்ளி முடித்த ஹாரி ஃபில்டன் என்ற பையன், பின்னால் எந்நேரமும் கோஷம் போடும் ரசிகர் கூட்டம். மைதானத்தின் படிக்கட்டே மேடை. கூட்டம் நம்மை நோக்கி நிற்கும். அங்கேயும் பந்து கிடையாது. ஆனால் அங்கே தலைகள் இடம் வலமாகத் திரும்பலாம், ஏனென்றால் அவர்கள் நேரில் பார்க்கிறவர்கள்.

2023-ல் ஜேம்ஸ் கிரஹாமின் ‘டியர் இங்கிலாந்து’ தேசிய நாடக அரங்கில் வந்தது. இயக்கம் ரூபர்ட் கூல்ட். 1996 ஜூன் 26 அன்று வெம்பிளியில் அதே ஜெர்மனிக்கு எதிராகப் பெனால்டியைத் தவறவிட்ட கேரத் சவுத்கேட், இருபது வருடம் கழித்து அணிக்குப் பயிற்சியாளராகி, பையன்களின் பயத்தைப் போக்கப் பார்க்கிறார். ஜோசஃப் ஃபைன்ஸ் சவுத்கேட்டாக. ஹாரி கேனாக நடித்த வில் க்ளோஸுக்குத் துணை நடிகருக்கான ஆலிவியர் விருது. நாடகத்துக்கே சிறந்த புதிய நாடக விருது. பிபிசி இதை 4 பகுதித் தொடராக்க முடிவெடுத்தபோது எழுத்து கிரஹாமிடமே இருந்தது. சவுத்கேட் வேடத்துக்கு ஃபைன்ஸையே அழைத்தார்கள். லினேக்கர் நாடகத்தைவிட இதில் நடிகருக்குச் சுமை அதிகம். பில்லையும் மோனிகாவையும் யாரும் முன்பே பார்த்ததில்லை. சவுத்கேட்டின் வெயிஸ்ட்கோட்டையும் தாடியையும் நாடே தினமும் பார்த்திருக்கிறது. மேடையில் ஒரு சாயல் போதும், மீதியை அரங்கம் நிரப்பிக்கொள்ளும். திரையில் முகத்துக்கு அருகே போனதும் நிஜமானவரோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. மிமிக்ரி செய்தாலும் குற்றம், செய்யாவிட்டாலும் குற்றம்.

அந்தச் சுமை இல்லாத ஐந்து பேரிடம் திரும்பி வருகிறேன். ஆட்டத்தின் கடைசி உதை. வாடில் மெதுவாக நடந்து வருகிறார், கேமரா அசையாமல் நிற்கிறது. இப்போதுவரை ஒரே இடத்தில் நிலைத்திருந்த ஐந்து ஜோடிக் கண்கள், பந்து குறுக்குக் கம்பத்தைத் தாண்டி இருட்டுக்குள் போகும்போது, அரை அங்குலம் மேலே ஏறுகின்றன. அங்கேயே நிற்கின்றன. யாரும் முதலில் கீழே இறக்கத் தயாராக இல்லை, ஏனென்றால் இறக்கினால் அடுத்து பார்க்க வேண்டியது பக்கத்தில் இருப்பவரின் முகம்.